கார்டு யார் கொடுத்தது?

கிஃப்ட் கார்டின் பின்பக்கம் உள்ள வெள்ளிப் பூச்சைச் சுரண்ட நாணயத்தைவிட விரல் நகம்தான் நல்லது. நாணயம் அடியில் இருக்கும் எண்ணையும் சேர்த்துக் கிழித்துவிடும். ஆறு வருடமாக இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன், ஐயா. நிறையப் பேர் அதற்காகவே நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வேலை எளிது. பிறந்தநாளுக்கோ கல்யாணத்துக்கோ யாராவது பணம் கட்டி ஒரு கடையின் கார்டை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். வாங்கியவருக்கு அந்தக் கடையில் ஒரு வேலையும் இருக்காது. ஒரு பெரியவருக்கு அவருடைய மாப்பிள்ளை மீன்தொட்டிக் கடையின் கார்டைக் கொடுத்திருந்தார். "எனக்கு மீனே ஆகாது தம்பி. தொட்டியில இருந்தாலும் சரி, தட்டுல இருந்தாலும் சரி" என்று எழுதினார். இப்படிப்பட்டவர்கள் எங்கள் இணையதளத்துக்கு வந்து, கார்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நான் அந்த எண்ணைக் கடையின் பக்கத்தில் போட்டு எவ்வளவு இருப்பு என்று பார்ப்பேன். கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியைப் பணமாக அனுப்புவோம். பேச்செல்லாம் எழுத்தில்தான். குரல் கிடையாது, பெயர் கிடையாது. திரையில் நான் வெறும் 'உதவியாளர்'.

ஒரு நாள் நிஜமாகவே காலியான கார்டு ஒன்று வந்தது. நாத்தனார் கொடுத்தது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். இருப்பு பூஜ்யம் என்றேன். சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். வரவில்லை. "அவ குணம் எனக்குத் தெரியும். விடுங்க. இதை வெளியில சொல்லிடாதீங்க" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளுவதைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. பரிசை விற்க வந்தவர் கொடுத்தவரிடம் போய்க் கேட்க முடியாது. கேட்டால் விற்கப் போனது தெரிந்துவிடும். கடையில் கொடுத்துப் பார்த்தேன் என்று பொய் சொல்லலாம்தான். ஆனால் ஏற்கெனவே கூசி நிற்பவருக்கு அந்தப் பொய் சட்டென்று வாயில் வராது. அவர்கள் எங்கள்மேல் சந்தேகப்படுவதும் இல்லை. கொடுத்தவர்மேல்தான் படுவார்கள். அந்தச் சந்தேகம் அவர்கள் மனதில் எப்போதோ இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். நான் அதற்கு ஒரு அத்தாட்சி கொடுத்தால் போதும்.

செய்த விதம் உங்களுக்குத் தெரியும். எண் வந்ததும் என் கைபேசியிலிருந்து அந்தக் கடையில் ஏதாவது பொருள் வாங்கிவிடுவேன். இரண்டு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு இருப்பைப் பார்த்து, அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்புவேன். பொய்யான படம் ஒன்றுகூட அனுப்பியதில்லை. அனுப்பும் நேரத்தில் இருப்பு பூஜ்யம்தான்.

முக்கியமானது அதற்கு முன்னால் கேட்கும் ஒரு கேள்வி. "கார்டு யார் கொடுத்தது?" இது எங்கள் படிவத்தில் கிடையாது. நானாகக் கேட்பேன். அலுவலகம் கொடுத்தது என்றால் தொடமாட்டேன். அலுவலகத்தில் ரசீது இருக்கும், கேட்கவும் கூசமாட்டார்கள். மாப்பிள்ளை, மருமகள், பழைய சிநேகிதி, ஓரகத்தி என்றால் எடுத்துக்கொள்வேன். அவர்களோ நான் அன்பாக விசாரிப்பதாக நினைத்தார்கள். வாடிக்கையாளர் அனுபவங்கள் என்று எங்கள் தளத்தில் ஒரு பக்கம் உண்டு. 'வீட்டு மனிதர் போலக் கேட்டார்' என்று அதில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரை நாங்கள் ஜவ்வு என்று கூப்பிடுவோம். ஓயாமல் சூயிங்கம் மெல்லுவார், ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தால் முடிக்கமாட்டார். அவர் ஒரு நாள் கேட்டார்: "எனக்கு மட்டும் வாரம் நாலு பேர் சாபம் விடுறாங்க. உன் பக்கம் எப்படிடா பூந்தோட்டமா இருக்கு?"

"வாங்க போங்கன்னு பேசிப் பாருங்க" என்றேன்.

மீன்தொட்டிப் பெரியவரிடம் பூஜ்யம் என்று சொன்னபோது கார்டை இன்னொரு முறை படம் எடுத்து அனுப்பினார். பிறகு, "பொண்ணு குடுக்கும்போதே யோசிச்சேன்" என்று ஒரு வரி வந்தது. அந்த மாப்பிள்ளை என்ன தவறு செய்தார், சொல்லுங்கள். நான் எடுத்தது கார்டில் இருந்த தொகை என்று உங்கள் பட்டியல் சொல்கிறது. அதோடு முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

வெட்கமே இல்லாத ஒருவரால்தான் மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா நேரே சம்பந்தி வீட்டுக்குப் போய், எல்லோர் முன்னாலும், "காலிக் கார்டை உறையில போட்டுக் குடுத்தீங்களே, நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். சம்பந்தியம்மா பீரோவைத் திறந்து ரசீதை எடுத்து நீட்டினார். அப்புறம் இருவரும் சேர்ந்தே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். விஷயம் பரவியதும் மற்றவர்களும் வந்தார்கள். நான் கணக்கில் எடுக்காமல் விட்டது அந்த அம்மாவைப் போன்ற ஒரு மனுஷியைத்தான் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை.

உங்கள் பட்டியலில் நாற்பத்தொரு கார்டுகள் இருக்கின்றன. நாற்பத்திரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் புகார் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டார்.

போன வருடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுச் சாமான் கடைக் கார்டு ஒன்றின் படம் வந்தது. பின்பக்கத்தில் பேனாவால் 'அக்காவுக்கு' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அவள்தான். துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் பிரிவில் இருக்கிறாள். கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது. நான் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன் என்பதற்குமேல் அவளுக்குத் தெரியாது. அந்தக் கார்டை வாங்க அரை மணி நேரம் கடையில் நின்றேன், ஐயா. எந்தப் படம் போட்ட கார்டு அவளுக்குப் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டு.

"கார்டு யார் கொடுத்தது?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன்.

"என் தம்பி. தங்கமான பையன். அவனுக்குத் தெரிய வேண்டாம், சரிங்களா?"

"எதற்காக விற்கிறீர்கள்?" இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

"கண்ணுல பிரஷர். சொட்டு மருந்து விடாம போடணும். கடையில ஆள் குறைப்புன்னு பாதிச் சம்பளந்தான் தர்றாங்க."

"தம்பியிடமே கேட்கலாமே?"

"கேட்டா குடுப்பான். நிஜமாவே முடியலைன்னா கேப்பேன்."

அந்த வரியை நான் பிடித்துக்கொண்டேன். முடியாவிட்டால் கேட்பாள். அப்படியென்றால் இது அவசரம் இல்லை. நான் பார்த்துப் பார்த்து வாங்கியதை விற்க வந்திருக்கிறாள், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் வலித்தது. வழக்கமான அந்த இரண்டு நிமிடத்தில் அதே கடையில் ஒரு மேஜை விளக்கு வாங்கினேன். கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடியது, வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கண் என்று சொன்னாள் அல்லவா. அந்த நேரத்திலும் நான் அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூஜ்யம் காட்டும் படத்தை அனுப்பினேன். அவள் எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள் என்று திரையில் மூன்று புள்ளிகள் வந்து வந்து போயின. கடைசியில் வந்தது இதுதான்: "கடைக்காரங்க தப்பா இருக்கும். அவன் அப்படிச் செய்யமாட்டான். பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ."

பிறகு அனுபவங்கள் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டாள். 'கார்டு காலியாக இருந்தது. அது இவர்கள் தப்பு இல்லை. பேசியவர் பொறுமையாகப் பேசினார்.' இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "சாப்பிட்டியாடா? கையில காசு வச்சிருக்கியா?"

"இருக்குக்கா. ஏன்?"

"சும்மாதான். ஏதாவதுன்னா கூச்சப்படாம அக்காகிட்ட கேளு, என்ன?"

அடுத்த வாரம் விளக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சந்தோஷப்படவில்லை. "எதுக்குடா இப்போ இந்தச் செலவு?" என்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். நான்கு மாதம் கேட்கவில்லை. ஐந்தாவது மாதம் கண் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள், துணைக்கு. நடுவில் சொட்டு மருந்தை நிறுத்தியிருந்தாள்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஐயா. அது வடிய ஓர் ஓரத்தில் நுண்ணிய வழி உண்டு. வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கும். சொட்டு மருந்து அந்த அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். பார்வை ஓரத்திலிருந்து போவதால் போவதே தெரியாது. போனது திரும்பாது. டாக்டர் படம் வரைந்து காட்டினார். நான் நிறையக் கேள்விகள் கேட்டேன். நல்ல கேள்விகள் என்றுகூடச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "ஏன்க்கா என்கிட்ட கேக்கல?" என்றேன்.

"உங்கிட்டயா? நீயே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "உனக்கே ஆயிரம் இருக்கும். விடுடா."

இந்த ஒரு சக்கரத்தைத்தான் நான் பார்க்காமல் விட்டேன். காலிக் கார்டு கொடுக்கும் அளவுக்குத் தம்பி நொடித்துப்போயிருக்கிறான் என்று நம்பியவள் அந்தத் தம்பியிடம் எப்படி மருந்துக்குக் கேட்பாள்? அவளுக்கு இருந்தது ஒரே கதவு. அதைப் பூட்டிவிட்டு, அவள் வந்து தட்டுவாள் என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன். போதாததற்கு விளக்கு வேறு கொடுத்தேன். இல்லாத காசில் தம்பி வாங்கியது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது வலது ஓரம் தெரியாததால் தலையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தைக்கிறாள். விரலில் ஊசி குத்தினால் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு சிரிக்கிறாள். மாதம் ஒருமுறை ஏதோ கொஞ்சத்தை மடித்து என் சட்டைப் பையில் திணிக்கிறாள். வேண்டாம் என்றால் வருத்தப்படுகிறாள். வாங்கிக்கொள்கிறேன். அதைச் சொல்லும்போதுதான் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், நாற்பத்திரண்டு. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவை விசாரிக்க யாராவது போனால், அந்தக் கார்டு காலியாகத்தான் இருந்தது என்றே இருக்கட்டும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, ஐயா. அவளுக்கு அது பழகிவிட்டது. புதிதாக எதையும் சொல்லி அவள் மனதை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும்?