மேல் வரி

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், அதோட ஒரு கால் சொல்பேச்சு கேக்காது. இதுல உக்காருங்க. மொதல்ல ஒரு தப்பத் திருத்திடறேன், இல்லன்னா எனக்குப் பேச்சே ஓடாது. ஆணா பொண்ணான்னு டாக்டர்தானே சார் முடிவு பண்ணியிருப்பாருன்னு மாடிப்படி ஏறும்போது கேட்டீங்க பாருங்க, அது தப்பு. மகா தப்பு. உலகத்துல முக்காவாசிப் பேர் அந்தத் தப்போடயே வாழ்ந்து முடிச்சுடறாங்க. டாக்டர் பாப்பார். நர்ஸ் சொல்லுவாங்க. அப்பன் யார் யாருக்கோ போன் பண்ணுவான். முடிவு பண்றது எழுத்தர். ஆஸ்பத்திரி அடித்தளத்துல, ஜன்னல் இல்லாத ஒரு ரூம்ல, பிறப்புப் பேரேட்ட விரிச்சு வெச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான் இல்ல, அவன். அவன் எழுதற வரைக்கும் அது வெறும் கொழந்த. மை காஞ்சதுக்கு அப்புறம்தான் ஆணு, பொண்ணு எல்லாம்.

சிரிங்க, பரவாயில்ல. இருபத்தொம்பது வருஷம் அந்த ரூம்ல இருந்தவன் சொல்றேன்.

தம்பின்னு கூப்பிடலாமில்ல? போன்ல உங்க மனுவுல இருந்த பேரப் பாத்துட்டு நான் சொல்லும்மான்னேன். நீங்க தொண்டையச் செருமிக்கிட்டு, தம்பின்னே சொல்லுங்க சார்னீங்க. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல. உங்க தப்பு இல்ல. குடிங்க, ஆறிடப் போவுது.

உங்க விஷயத்த நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. பேரேட்டுல நீங்க பெண். திங்கக்கிழமை நீதிபதி முன்னாடி நின்னு அத ஆண்னு திருத்தணும். அந்த வரிய எழுதின எழுத்தர் உயிரோட இருந்து, அது ஆதாரம் இல்லாத பதிவுதான்னு எழுதிக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது. இல்லன்னா டாக்டர் குழு. மறுபடியும் மேசை, மறுபடியும் வெளக்கு, மறுபடியும் நாலு பேர் குனிஞ்சு பாக்கறது. அதுக்கு ஒத்துக்கறதவிடச் செத்துடலாம்னு சொன்னீங்க. சும்மாப் பேச்சுக்குச் சொல்லல, தெரிஞ்சுது.

நல்லது. எழுத்தர் உயிரோடதான் இருக்கார். முட்டி தினம் சாட்சி சொல்லுது.

ரெண்டாவது காகிதமா? மேல் வரிக்காரங்க சம்மதம். ஆமா, அதுவும் வேணும். உங்க வரியில பெண்ணுன்னு நான் எழுதவே இல்ல, கவனிச்சீங்களா? மேற்படின்னு எழுதியிருக்கேன். தேதி, மேற்படி. வார்டு, மேற்படி. பால், மேற்படி. மேல் வரியப் படிச்சாத்தான் நீங்க யாருன்னே தெரியும். அதனால நகல் எடுத்தா ரெண்டு வரியும் சேந்துதான் கோர்ட்டுக்குப் போவும். ஊரான் வீட்டு விவரத்த அவங்க சம்மதம் இல்லாம அங்க வைக்க முடியாது. அந்தக் கொழந்தைக்கு அப்பப் பேரும் வெக்கல. அந்தப் பேரேட்டுல அப்பா பேருக்குக் கட்டமும் கெடையாது. இருந்த ஒரே விலாசத்துல இப்ப டயர் கடை இருக்கு. நாலு மாசமாத் தேடறீங்க. தெரியும். இருங்க, அதுக்கு வரேன்.

அந்த அலமாரியா? பாருங்க பாருங்க. அங்க நடுவுல தூசியில்லாம ஒரு சதுரம் தெரியுதே, அங்க வேற ஒண்ணு இருந்துச்சு. அத விடுங்க. மேல் தட்டு முழுக்க உடம்பு, கீழ்த் தட்டு முழுக்க மனசு. பத்தாவது பெயிலானவன் வீட்டுல இத்தன கனமான புஸ்தகம் எதுக்குன்னு எங்க ஆபீஸ் பியூனே கேட்டிருக்கான். ஆபீஸ்ல எனக்குப் பேரு காற்புள்ளி. யாராவது ஒரு புள்ளி விட்டா கூப்பிட்டு வெப்பேன். அப்பேர்ப்பட்டவன்.

மேல் தட்டு என்ன சொல்லுது தெரியுமா? கருவுல மொதல் ஆறு வாரம் எல்லாரும் ஒரே மாதிரிதான். ரெண்டு வழிக்கும் சாமான் செட்டு உள்ள தயாரா இருக்கும். அப்புறம் குரோமோசோம் ஒரு தாக்கீது அனுப்பும், சுரப்பி வேலையத் தொடங்கும், ஒரு வழி வளரும், ஒண்ணு மங்கும். சில பேருக்கு அந்தத் தாக்கீது பாதி வழியில நின்னுடும். ஆபீஸ் காகிதம் மாதிரியே. நம்ம கண்ணுக்கு எது தெரியுதுங்கறது ஒண்ணு, மூளை எந்த ஹார்மோன்ல ஊறிச்சுங்கறது இன்னொண்ணு.

கீழ்த் தட்டு அத ஒத்துக்காது. கொழந்த ரெண்டரை மூணு வயசுல நான் இன்னதுன்னு சொல்லக் கத்துக்குது. ஆனா கவுன மாத்தினா ஆளும் மாறிடும்னு நெனைக்குது. அஞ்சாறு வயசுக்கு மேலதான், எதப் போட்டாலும் நான் நான்தான்னு புரியுது. நடுவுல நாம கைதட்டறோம், மொறைக்கறோம், அது பாத்துப் பாத்துச் செய்யுது. ஒரே கொழந்தைக்கு ரோஸ் சட்ட போட்டு நீட்டினா பெரியவங்க பொம்மையக் குடுப்பாங்க, நீலச் சட்டன்னா சுத்தியலக் குடுப்பாங்க. ஒரு காலத்துல இத நம்பின டாக்டருங்க, ரெண்டு வயசுக்குள்ள எப்படி வளக்கறோமோ அப்படியே ஆயிடும்னு அடிச்சுச் சொன்னாங்க. அப்புறம் பலருக்கு அப்படி ஆவலன்னு தெரிஞ்சுது.

பாடம் நடத்தறேன், இல்ல? காரணம் இருக்கு தம்பி. கீழ்த் தட்டு ஜெயிச்சா நான் ஜெயிச்சேன். நான் என்ன எழுதினாலும் நீங்க அதுவா வளந்திருப்பீங்க, ஒரு சேதமும் இல்ல. மேல் தட்டு ஜெயிச்சா நான் தொலைஞ்சேன். ஒரு புஸ்தகம் படிச்சா ஒரு வாரம் நிம்மதி, அடுத்ததப் படிச்சா ஒரு மாசம் தூக்கம் கெடையாது. தேர்தல்ல கூட ஆளுங்க இப்படிக் கட்சி மாற மாட்டாங்க.

எனக்கு ஒரு பொண்ணு. உங்க வயசுதான். அவள வெச்சே சோதிச்சேன். பொம்மையும் வாங்குவேன், பக்கத்துலயே லாரியும் வெப்பேன். தகர லாரி, செவப்பு. கதவுப் பக்கம் நின்னு பாப்பேன். அவ லாரிய எடுத்தாள்னா எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆகா, எல்லாப் பொண்ணும் எடுக்கும், நான் மேற்படி போட்ட அந்தக் கொழந்தையும் லாரி எடுத்தா அதுல ஒண்ணும் அர்த்தம் இல்லன்னு. பொம்மையோட பேசிக்கிட்டிருந்தா எனக்கு வேர்த்துடும். என் பொண்டாட்டி, அந்த மகராசி, உங்கப்பாவுக்கு உன்மேல கொள்ளப் பிரியம்டி, கண்ணெடுக்காமப் பாக்குறாருன்னு சொல்லுவா. பொண்ணோட பிறந்த நாளுக்கெல்லாம் கேக் வெட்டும்போது நான் தட்டுல ரெண்டு துண்டு வெச்சுடுவேன். ஏன்னு கேட்டா, எனக்கே தெரியாத மாதிரி முழிப்பேன்.

உங்கள நான் பாத்திருக்கேன். இல்ல, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல சேக்க நகல் வாங்க உங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. பச்சைக் கவுன், ரெண்டு ரிப்பன். கவுண்டருக்குக் கீழ நின்னுக்கிட்டு நீங்க ரிப்பன ஒண்ணொண்ணா உருவி என் மேசைமேல வெச்சீங்க. அழல, அடம் பிடிக்கல. ஆபீஸ்ல ஏதோ பொருளத் திருப்பிக் குடுக்கற மாதிரி வெச்சீங்க. உங்கம்மா ஒரு அறை விட்டு மறுபடியும் கட்டினாங்க. பேனா என் கையிலதான் இருந்துச்சு. நான் நகல்ல முத்திரை குத்திக் குடுத்தேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

தெரியாத நாளே ஞாபகம் இல்லையா.

ம். இத நான் குறிச்சு வெச்சுக்க… இல்ல, வேணாம். பழக்க தோஷம்.

இந்தாங்க உங்க வக்கீல் அடிச்சுக் குடுத்த உறுதிமொழி. ஒரு எடத்துல அடிச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. கைத்தவறுதலாகன்னு போட்டிருந்தார். கை தவறல. தெரிந்தேன்னு மாத்திட்டேன். உங்களுக்கு அது இன்னும் பலம்தான், எனக்கு என்ன ஆனா என்ன, கெழவன ஜெயில்ல போட்டு யார் மருந்து குடுக்கறது. இதோட இந்தச் சீட்டையும் வெச்சுக்கங்க. பிரசவ வார்டுலேருந்து எனக்கு வந்த சீட்டு. மஞ்சளாயிடுச்சு, மடிப்புல பாத்துப் பிரிங்க. பால்னு இருக்கற எடத்துல என்ன இருக்கு? கேள்விக்குறி. கீழ டியூட்டி டாக்டரம்மா எழுத்து, பெரிய டாக்டர் வந்து பாக்கணும்னு. பெரிய டாக்டர் மூணு நாள் லீவு. காலியா விடக்கூடாதுன்னு விதி. ஆனா பென்சில்ல எழுதி வெக்கலாம், அதுக்கும் விதி இருக்கு. எனக்குத் தெரியாத விதியா?

கேள்விக்குறியப் பாத்தேன். பாத்துட்டுத்தான் மேற்படி போட்டேன். நாளைக்குத் திருத்திக்கலாம்னு.

நாளைக்கு நான் லீவு. நாலு நாள். அதுக்குள்ள பெரிய டாக்டர் வந்து பேரேட்டக் கேட்டிருக்கார். பெண்ணுன்னு இருக்கு, சரி, டியூட்டி டாக்டர் பாத்து முடிவு பண்ணிட்டாங்கன்னு அவர் நெனச்சுக்கிட்டார். டியூட்டி டாக்டரம்மா, பெரியவர் முடிவு பண்ணிட்டார்னு நெனச்சுக்கிட்டாங்க. உங்கப்பா அம்மாகிட்ட பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. மூணாம் மாசம் ஆபரேஷன். எல்லாரும் அடுத்தவங்கள நம்பி, கடைசில எல்லாரும் நம்பினது என் கையெழுத்த. லீவு முடிஞ்சு வந்தப்ப உங்களுக்கு அஞ்சு நாள்தான் ஆயிருந்துச்சு. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். தொறக்கல. சீட்ட எடுத்துச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டேன்.

அன்னைலேருந்து மேற்படின்னு நான் எழுதினதே இல்ல. எல்லா வரியும் முழுசா. வருஷம் முழுக்க வர்ற பேரேடு ஒம்போது மாசத்துல தீந்துடும். ஏன்னு மெமோ கூட வந்துச்சு.

மேல் வரி? ஆமா, சொல்றேன்னேன். இந்தக் கவர்ல இருக்கு, சம்மதக் கடிதம். பேரு, விலாசம், கையெழுத்து, எல்லாம் சரியா இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சேனா? நான் தேடவே இல்ல தம்பி. அது என் பொண்ணு. பதினொண்ணு பத்துக்குப் பொறந்தா, நீங்க பதினொண்ணு நாப்பது. அவ வரிய நானே எழுதினேன், புது நிப்பு போட்டு. பெண். எழுதிட்டுப் பேரேட்டத் தள்ளி வெச்சு அழகு பாத்தேன். அந்த நேரம் பாத்து, மேல வந்து கொழந்தையப் பாருங்கன்னு ஆள் வந்துட்டாங்க. மேசைமேல ஒரே ஒரு சீட்டு பாக்கி.

வியாழக்கிழமை வந்தா. நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலி. எல்லாத்தையும் சொன்னேன். இத்தன வருஷமாக் கதவுகிட்ட நின்னு நீங்க பாத்தது என்னை இல்லையாப்பான்னு கேட்டா. அப்புறம் கடிதத்த ரெண்டு தடவ படிச்சா, ஒரு எழுத்துப் பிழையக் கூடத் திருத்தினா, கையெழுத்துப் போட்டா. போகும்போது அந்தத் தட்டுல இருந்த லாரிய எடுத்துக்கிட்டுப் போனா.