நாலு கேட் தாண்டிய நெத்திலி சம்பல்

லாபுவிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரே சீருடையில் இரண்டு பெண்கள். புதுத் தொக்கோ சம்பலோ தாண்ட வேண்டிய ஒவ்வொரு பரிசோதனையையும் அவர்கள் கம்பெனியில் ‘கேட்’ என்பார்கள் போலும்.

“புது நெத்திலி சம்பல் நாலு கேட்டும் தாண்டிருச்சுக்கா. திங்கக்கெழம கடைக்குப் போவுது,” என்றாள் இளையவள்.

“ருசி பாக்குற கேட்டுல யாரு கையெழுத்து?”

“நான்தான். புரட்டாசி லா, வாயில வைக்கல. நல்லாருக்குன்னு எழுதிட்டேன்.”

“மேனேஜரு?”

“அவரும் விரதம். என் கையெழுத்தப் பாத்துப் போட்டாரு.”

“அவருக்கு மேல உள்ளவங்க?”

“அவரு கையெழுத்தப் பாத்தாங்க.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“நான் சர்ச்சுக்குப் போறவ, கிண்டுன அன்னிக்கே தின்னு பாத்தேன். உப்பு கரிக்குது. மொத கேட்டுலயே சொன்னேன். கிண்டுறவங்க எழுத ஃபாரத்துல எடமில்லன்னுட்டாங்க.”