பாதி வழியில் வந்த பதில்

யாரும் விளக்கைப் போட்டுத் தொலைக்காதீர்கள். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள். நான் சொல்லப்போவது நேரில் பார்த்ததில்லை, என் சிநேகிதன் சொன்னது. அவன் வாயைத் திறந்தால் பாதி பொய்தான். ஆனால் இதைச் சொல்லி முடித்ததும் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

இரவு பதினொரு மணி. இரண்டு மலைக்கு நடுவே ஒரே ஒரு தார்ச்சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. சிநேகிதனின் அக்கா வீட்டுக்காரர் தனியாகக் காரில் வேலைக்குப் போகிறார். அவன் அத்தான் என்பான், நாங்களும் அத்தான் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சாலை முடிகிற இடத்தில் ஒரு பெரிய ஆன்டெனா, நாலு மாடி உயரத்துக்கு ஒரு கிண்ணம். வேறு கோள்களுக்குப் போன கலங்களோடு பேசுவதற்காக வைத்தது. இடைஞ்சல் வரக்கூடாதென்று அந்தப் பக்கம் செல்போனுக்குக்கூட அனுமதியில்லை.

அத்தானுடைய வேலை கேட்பதற்குச் சுலபம். இங்கிருந்து ஒரு சத்தத்தை அனுப்புவார். கலம் அதை வாங்கி அப்படியே திருப்பி அனுப்பும். போய்வர எவ்வளவு நேரம் என்று பார்த்தால், கலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று தெரிந்துவிடும். அத்தான் கேலியாகச் சொல்வார்: "பெருசா ஒண்ணும் இல்லடா. நான் 'இருக்கியா'ன்னு கேப்பேன். அது 'இருக்கேன்'னு சொல்லும். இதுக்குத்தான் சம்பளம்." ஒரு பதிலைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். இரண்டாவது முறையும் பதில் வந்தால்தான் ஆள் இருக்கிறது என்று உறுதி.

சிவப்புக் கோளில் ஒரு வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. நடை மெதுவென்பதால் அதற்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். புழுதிப் புயலில் மாட்டி மாதக்கணக்கில் பேச்சில்லை. அன்றைக்குக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அட்டவணையிலிருந்து எடுத்துவிடச் சொல்லி உத்தரவு. அத்தானுக்கு மனசே இல்லை. சொந்தக்காரரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவது போல இருந்ததாம்.

அழைப்பை அனுப்பினார். அங்கே போக இருபது நிமிடம், திரும்பி வர இருபது, மொத்தம் நாற்பது. டீ கோப்பையைக் கழுவ எழுந்தார். குழாயைத் திறக்கிறார்... பின்னால் ஒலிபெருக்கியில் சத்தம்.

ட்டிக்... ட்டிக்.

அவருடைய அழைப்பு இன்னும் பாதி வழிகூடப் போயிருக்காது. பதில் வந்துவிட்டது.

பயந்தவர் அதோடு விட்டிருக்க வேண்டும். தொழில் புத்தி விடுமா? உறுதி செய்ய வேண்டுமே. இன்னொரு முறை அனுப்பினார். பித்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை... ட்டிக். அறைக்குள் வறண்ட மண் வாசனை, துருவைச் சுரண்டினால் வருமே, அந்த நெடி. திரையில் எப்போதும் முப்பத்தாறு கோடி, முப்பத்தேழு கோடி என்று தூரம் நீளமாக ஓடும். இப்போது இரண்டே இலக்கம்.

பதினொரு கிலோமீட்டர்.

அந்த மலையிடுக்கில் பதினொரு கிலோமீட்டரில் இருப்பது ஒரே இடம்தான்... ஊழியர் குடியிருப்பு. வீட்டில் அக்கா தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தார். எங்கேஜ்டு. மறுபடி அடித்தார். எங்கேஜ்டு. நடுராத்திரியில் யாரோடு பேசுகிறாள்? அப்படியே போட்டுவிட்டு ஓடினார். காரை எப்படி ஓட்டினேன் என்றே தெரியவில்லை என்கிறார். வீட்டுக் கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி போட்டுத் திறந்தால் உள்ளே அதே மண் நெடி. அக்கா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யார்கூடம்மா பேசிட்டிருந்தே?"

"என்ன விளையாட்டு இது? நீங்கதானே கூப்பிட்டீங்க."

"நானா? நான்... என்ன சொன்னேன்?"

"'இருக்கியா'ன்னு கேட்டீங்க. 'இருக்கேன்'னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, உஸ்ஸுன்னு காத்து மாதிரி சத்தம். மறுபடியும் 'இருக்கியா'ன்னீங்க. 'இங்கதாங்க இருக்கேன்'னு சொன்னேன்."

இரண்டு முறை. அத்தான் ஆமைக்கு அனுப்பியதும் இரண்டு முறைதான்.

மறுநாள் காலையில் அக்கா எழுந்தாள், பல் தேய்த்தாள், சமைத்தாள். எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் ஏதாவது கேட்டால் பதில் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நிமிடமானது, பத்து நிமிடமானது. டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு இவர் குளித்து முடித்து வந்தபிறகு "வேணும்" என்பாள். காது, மூளை எல்லாம் படம் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் ஒரு குறையும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இன்னொரு தடவை ஆமையைக் கூப்பிட அனுமதி கேட்டு அத்தான் மேலதிகாரி காலில் விழாத குறை. கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கூப்பிட அவருக்குத் தைரியம் வந்திருக்குமா, தெரியாது.

போன வாரம் சிநேகிதன் பார்க்கப் போனான். "அக்கா, நல்லா இருக்கியா?" என்றான். அவள் சோபாவில் உட்கார்ந்து இவனையே பார்த்தாள். பேச்சில்லை. இவன் ஊர்க்கதை எல்லாம் பேசினான், டீ குடித்தான், அழுகையை அடக்கிக்கொண்டு கிளம்பினான். அத்தான் வாசல்வரை வந்தார். பைக்கை உதைக்கப் போகிறான்... ஆளில்லாத கூடத்தைப் பார்த்து உள்ளேயிருந்து அக்கா குரல், சிரித்தபடி:

"நல்லா இருக்கேன்டா. உக்காரு, ஏன் நிக்கிறே?"

அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு நிமிஷம்" என்றார். "நேத்து முப்பத்தாறு."