லைட் போஸ்ட்டில் வெண்கட்டிக் கோடு

— தொடாதீங்க மிஸ். கெண்டக்கால்ல ஈரச் சாக்கக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. வெரல் பட்டாலே உசிர் போகுது.

— நான் அழுத்தேல்லை, வேலுசாமி அண்ணை. வீக்கம் இருக்கோ எண்டுதான் பாத்தனான்.

— வீங்குனாத்தான் நோவுன்னு நம்புவீங்களா? வீக்கமும் இல்ல, காச்சலும் இல்ல, ரத்தம் எடுத்துப் பாத்தா அதுவும் சுத்தம். அதான் நம்ம சங்கடமே. மயிலு, மிஸ்ஸுக்கு ஸ்டூல எடுத்துப் போடு.

— ஸ்டூலு மேல ஈரத்துணி கெடக்கு. மிஸ் நோனா கட்டில் ஓரத்துல ஒக்காரட்டும். உங்க காலு இல்லாத பக்கமா.

— பரவாயில்லை, மயிலம்மா அக்கா. நான் கனநேரம் நிக்க மாட்டன். ஒரு விசயம் சொல்லிப்போட்டுப் போகத்தான் வெள்ளவத்தையில இருந்து வந்தனான். அண்ணை, இனிமேல் நடக்கிறதை நிப்பாட்டுங்கோ.

— என்னது?

— நடைப் பயிற்சியை. இனி வேண்டாம். களைப்பு வர முன்னமே படுத்திடுங்கோ. ஒரு நாள் கொஞ்சம் சுகமாய் இருந்தாலும் அதை அண்டைக்கே செலவழிக்கக் கூடாது. இப்ப புது முறை அதுதான். விளங்குதே?

— மயிலு, கேட்டுக்க. மொத மொத கிளினிக்குக்குப் போனப்ப டாக்டர் படுன்னாரு. படுத்தேன். அப்புறம் இவங்க வந்து, படுத்துப் படுத்துத்தான் ஒடம்பு துருப்புடிச்சிருச்சு, எந்திரிச்சு நடன்னாங்க. இப்பத் திருப்பிப் படுங்கிறாங்க. கடையில வெங்காய மூட்டைய எறக்கச் சொல்லிட்டு, எறக்குன பொறகு லொறி மாறிப்போச்சு, ஏத்துன்னு சொல்லுவாங்க. அந்தக் கததான். அங்கயாவது ரெண்டு தடவைக்கும் கூலி உண்டு.

— நான் என்ன செய்யிறது அண்ணை? எனக்குச் சொல்லித் தந்ததைத்தானே நான் சொல்லுறன்.

— இப்ப யாரு சொல்லித் தந்தா?

— டாக்டர்தான். லண்டன் மகாநாட்டுக்குப் போயிருந்தவரெல்லோ. வியாழக்கிழமை விடியத்தான் வந்து இறங்கினவர். நேற்று எங்களைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னவர். அங்க இந்த நோய் வந்த வருத்தக்காரர் கனபேர் சேர்ந்து எழுதிக் குடுத்திருக்கினமாம், நடக்க நடக்கக் கூடுது, சிலபேர் நடந்துபோய்க் கட்டிலோட விழுந்திட்டினம் எண்டு. டாக்டர் அதைக் கேட்டுப்போட்டு, எங்கட கிளினிக்கிலயும் விடுவம் எண்டிட்டார்.

— அங்க உள்ளவங்க எழுதிக் குடுத்தா மாத்துறாங்க. நான் இதே கட்டில்ல இருந்து என்னா சொன்னேன்? ஒரு நா நடந்தா மூணு நா எந்திரிக்க ஏலல, தலைக்குள்ள பஞ்ச அடச்ச மாதிரி இருக்கு, பேச வந்த சொல்லே மறந்துபோகுதுன்னு சொன்னனா இல்லியா?

— சொன்னீங்கள்.

— அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க? நேரா சொல்லுங்க.

— மனம் வைச்சால் நடக்கலாம் எண்டு சொன்னனான்.

— சும்மா கேக்குறேன் நோனா. இந்த மனுசன் முதுகுல ஒரு நாளைக்கு எத்தன மூட்ட ஏறும்னு தெரியுமா ஒங்களுக்கு? இந்த நோவக் கொண்டாந்த காச்சல் வர்ற வரைக்கும் மூட்ட தூக்குற கூட்டத்துல முன்னாடி நிக்கிற ஆளு. இவருக்கா மனசு இல்ல? கடையில கூட நின்னவனுக வந்து, என்னா வேலு, பொண்டாட்டி சமச்சுப் போடுறது ருசி கண்டுக்கிச்சான்னு கேட்டுட்டுப் போறானுக. அவனுகளாவது படிக்காதவனுக.

— அக்கா, என்னை ஏசுறதெண்டால் ஏசுங்கோ. எனக்கும் அப்ப அப்பிடித்தான் படிப்பிச்சது. இப்ப பாருங்கோ, நல்ல விசயம் சொல்லத்தானே வந்திருக்கிறன். அண்ணை இனி நடக்கத் தேவையில்லை. ஆறுதலாய் இருக்கலாம்.

— ஆறுதலா இருக்குறேன். வேற என்னா?

— வேற ஒண்டுமில்லை. அந்த வெண்கட்டி மிச்சம் இருக்கோ?

— எந்த வெண்கட்டி?

— கோடு போடத் தந்த சோக். இருந்தால் தாங்கோ, கொண்டு போறன். கிளினிக் சாமான்தானே.

— ஒரு வெண்கட்டிக்கா நோனா வெள்ளவத்தையில இருந்து பஸ் ஏறி வந்தீங்க? வழியில எத்தன எடத்துல ஆமிக்காரன் எறக்கி அடையாள அட்டையப் பாத்திருப்பான்?

— அதுக்காக வரேல்லை அக்கா. கேட்டுப் பாத்தனான்.

— மயிலு, செத்த பேசாம இரு. மிஸ், அந்த வெண்கட்டி இங்க இல்ல. அது பொலிஸ் ஸ்டேசன்ல மேச மேல இருக்கு. நான் என் கண்ணால பாத்தேன். ஒங்களுக்கு விசயம் தெரியாதா, இல்ல தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?

— கேள்விப்பட்டனான்.

— என்னா கேள்விப்பட்டீங்க?

— உங்கட மச்சானைப் பிடிச்சிட்டினம் எண்டு.

— அவன் பேரு சந்தனம், மயிலோட தம்பி. கட்டில்ல இருந்து எந்திரிக்கவும் முடியாத என்னையக் கைத்தாங்கலாப் புடிச்சு நடக்க வச்சவன். ஞாபகம் இருக்கா? நீங்கதான் அவன்ட்ட சொன்னீங்க, மாமாவுக்கு மறதி கூட, எதுவரைக்கும் நடந்தாருன்னு லைட் போஸ்ட்ல ஒரு கோடு போடு, அடுத்த தடவ அதுக்கு அடுத்த போஸ்ட்டுக்குக் கூட்டிப்போன்னு. கிளினிக் தரையில கோடு போட வச்சிருந்த வெண்கட்டிய கைப்பையில இருந்து எடுத்துக் குடுத்தீங்க.

— எல்லாருக்கும் அப்பிடித்தானே சொன்னனாங்கள். வெள்ளவத்தையில உள்ள ஆக்களுக்கும் அதேதான்.

— வெள்ளவத்தையில கோடு போட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். கொட்டாஞ்சேனையில மேடில்லாத ரோட்டுல நடக்கச் சொன்னீங்க. மேடில்லாத ரோடு இங்க எது? முகத்துவாரத்துக்குப் போற துறைமுக மதில் ரோடு. மதிலுக்கு அந்தப் பக்கம் கப்பல், இந்தப் பக்கம் போஸ்ட்டுக்கு ஒரு வெள்ளக் கோடு. யுத்தம் நடக்குற ஊர்ல, ஒவ்வொரு போஸ்ட்டாத் தள்ளிப்போற கோட்டப் பாத்தா காவல் நிக்கிறவன் என்னான்னு நெனப்பான்? ஒங்களுக்கும் தோணல, எங்களுக்கும் தோணல.

— ஆனால் அவரைத் தனியாத்தானே பிடிச்சவை? நீங்கள் கூட இல்லையே. அண்டைக்கு நீங்கள் நடக்கப் போகேல்லையா?

— அத நான் சொல்றேன் நோனா. இவரு எந்திரிச்சாத்தானே போறதுக்கு. ஒண்ணுக்குப் போகவே நான் தூக்கிக்கிட்டுப் போன கெழம அது. என் தம்பி வேல விட்டு வந்தவன், சோத்தையும் திங்காம வெண்கட்டிய எடுத்துக்கிட்டுப் போனான்.

— ஏன் அக்கா? அண்ணை நடக்காட்டில் ஏன் கோடு?

— ஏனா? நீங்க சனிக்கெழம வர்றப்ப பஸ் சன்னல்ல இருந்து போஸ்ட்டப் பாத்துக்கிட்டே வருவீங்களே, அதுக்குத்தான். கோடு ரெண்டு கெழம ஒரே எடத்துல நின்னா முயற்சி இல்லாத ஆளுன்னு பேர வெட்டிருவம், எடத்த வேற ஆளுக்குக் குடுப்பம்னு சொன்னீங்களா இல்லியா? சும்மா கெடைக்கிற மருந்து போயிரும்னு பயந்தான் அவன். நடக்காத நடைக்கு அடுத்த போஸ்ட்ல கோடு போட்டான்.

— அப்ப, முந்திப் போட்ட கோடுகளும்?

— பாதி அவன் நடந்தது மிஸ். நான் கீழ குந்திக்கிட்டு இருப்பேன், அவன் மட்டும் போய்ப் போட்டுட்டு வருவான்.

— நான் டாக்டரிட்ட உங்களைப் பற்றி எவ்வளவு சொன்னனான், வேலுசாமி அண்ணை நல்லாய் முன்னேறுறார் எண்டு. அவரும் மற்ற ஆக்களுக்கு உங்களைத்தான் காட்டிச் சொன்னவர்.

— சொல்லியிருப்பீங்க. அதக் கேட்டு எத்தன பேரு எந்திரிச்சு நடந்து விழுந்தாங்களோ. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கட்டும். இப்பப் பேச்சு சந்தனத்தப் பத்தி. ஸ்டேசன் பெரியவரு, அந்த ஓஐசி, கேட்டப்ப அவன் உள்ளத அப்புடியே சொன்னான். மாமாவுக்கு இது வைத்தியம், கிளினிக்ல சொல்லித்தான் கோடு போடுறோம்னு. கிளினிக் நம்பர் கேட்டிருக்காங்க, குடுத்தான். செவ்வாக்கெழம அவன் முன்னாடியே போன் போட்டிருக்காங்க.

— ஓம், எடுத்தவை எண்டு அறிஞ்சனான்.

— அங்கருந்து என்னா பதில் போச்சுன்னு அறிஞ்சீங்களா?

— டாக்டர்தான் கதைச்சவர். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்?

— நான் சொல்றேன். இந்த வருத்தத்துக்கு நாங்க ஒருத்தரையும் நடக்கச் சொல்றதில்ல, படுத்து ஓய்வெடுக்கத்தான் சொல்றது, வெண்கட்டி பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு பதில். அதக் கேட்டுட்டு ஓஐசி போன வச்ச கையோட என் தம்பிய ஓங்கி விட்டாராம். பொய் சொல்றியாடான்னு. அவன் வாய்க்குள்ள இன்னும் ரத்தம், நோனா. நேத்து இடியப்பம் கொண்டு போனேன். மெல்ல முடியலக்கான்னுட்டான்.

— அக்கா, அழாதேங்கோ. பாருங்கோ, டாக்டர் சொன்னதிலயும் பொய்யில்லைத்தானே. இப்ப எங்கட முறை அதுதான். நடக்கச் சொல்லுறதில்லை. அவர் புது முறையைச் சொல்லியிருக்கிறார், பொலிஸ் அதைப் பழசுக்கும் சேத்து விளங்கிட்டினம்.

— அப்ப வந்து அத வெளங்கப்படுத்துங்க. போன கெழம வரைக்கும் நடக்கச் சொன்னோம், கோடு போடச் சொன்னோம், இப்பத்தான் மாத்துனோம்னு சொல்லுங்க. எனக்கு அவ்வளவுதான் வேணும். திங்கக்கெழம காலையில அவன தடுப்பு காம்புக்கு ஏத்துறாங்களாம். அங்க போயிட்டா யார்கிட்டப் போய் நிக்கிறது? நேத்து நான் இவ தோளப் புடிச்சிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனேன். அந்தக் கோடெல்லாம் என்னோடதுன்னு சொன்னேன். மேலயும் கீழயும் பாத்துட்டுச் சிரிக்கிறாங்க. நிக்கவே முடியாத நீ மதில் ரோடு முழுக்க நடந்தியாங்கிறாங்க. நடந்தா நோயாளி இல்லயாம். நோயாளின்னா நடக்கலயாம். நான் என்னாத்த சொல்றது?

— என்னை என்ன செய்யச் சொல்லுறியள் அண்ணை? என்ர ஊர் யாழ்ப்பாணம். லொட்ஜில இருக்கிறன். மாசாமாசம் பொலிசில போய்ப் பதிஞ்சு கொண்டிருக்கிறன். என்ர தம்பி எங்க இருக்கிறான் எண்டு கேட்டால் எனக்குப் பதில் இல்லை. நான் போய், அந்த வெண்கட்டியைக் குடுத்தது நான்தான் எண்டு சொன்னால் சந்தனத்தை விட்டுப்போட்டு என்னை உள்ளுக்கு இருத்துவினம். விளங்குதே உங்களுக்கு?

— வெளங்குது. ஒங்க பயம் பொய்யின்னு நான் சொல்லவே இல்ல.

— அப்ப ஏன் என்னைக் கேக்கிறியள்? டாக்டரைக் கேளுங்கோ. அவர் பெரிய ஆள். போனில கதைச்சதும் அவர்தானே.

— சும்மா கேக்குறேன் நோனா, டாக்டர் தெரிஞ்சுதான் ஒங்கள அனுப்புனாரா, வெண்கட்டி வாங்கிட்டு வான்னு?

— இல்லை. டாக்டருக்கு இது ஒண்டும்...

— ஒண்ணும்? முடிங்க. டாக்டருக்கு இது ஒண்ணும் தெரியாதா?

— அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. நான் போகப்போறன். பஸ் நிண்டிடும், பிறகு செக் பொயின்ட்டில வினை.

— போங்க மிஸ். போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு. என் தல இப்ப ஒழுங்கா ஓடாது, நாள் கெழமயெல்லாம் கொழம்பும், அதனாலதான் கேக்குறேன். டாக்டர் லண்டன்ல இருந்து எப்ப வந்து எறங்குனாருன்னீங்க?

— வியாழக்கிழமை.

— ஸ்டேசன்ல இருந்து போன் எடுத்தது செவ்வாக்கெழம. அன்னிக்கு டாக்டரும் இங்க இல்ல, புது முறையும் இங்க இல்ல. நீங்க அத டாக்டர் மேல போட்டதுலயே தெரிஞ்சுபோச்சு, போன எடுத்தது நீங்க. எனக்கு ஒண்ணும் நீங்க தர வேணாம் மிஸ், நடக்கச் சொன்னதக்கூட நான் விட்டுட்டேன். ஆனா சந்தனத்துக்கு ஒரு உண்மை பாக்கி வச்சிருக்கீங்க. அத நாளைக்குள்ள ஸ்டேசன்ல வந்து குடுத்துட்டுப் போங்க.