ஊறிய கையும் எழுந்த கோடும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கனம் லியாகத் அலி சாயபு அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து நேரே வந்திருக்கும் உழைப்பாளிகளே, பிள்ளைகளை மடியில் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், சலாம்.

இருதயத்தின் மின்சாரத்தைக் கோடாக எழுதும் யந்திரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அதை நான் நம்பினேனா? நம்பவில்லை. இருபது வருஷம் டாக்டராய் நாடி பார்த்த விரலுக்குத் தெரியாதது இதற்கு என்ன தெரியும் என்று கேட்டவள் நான்.

சென்ற மாதம் ஆம்பூரில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் காசிநாதன் மயங்கி விழுந்தார். வண்டியில் கொண்டுவந்தார்கள். நாடி நிமிஷத்துக்கு முப்பது. தளர்ந்த இருதயம் என்று முடிவுகட்டி, அதற்கு வலுவூட்டும் டிஜிடாலிஸ் மருந்தை அளந்து வைத்துவிட்டேன். உதவி டாக்டர் ரஃபத் ஜஹான், "ஒரு கோடு எடுத்துப் பார்த்துடலாம்மா" என்றார்.

அவர் கைகளையும் ஒரு காலையும், யந்திரத்தின் கம்பி இணைந்த உப்புநீர்த் தொட்டிகளில் வைத்தோம். கோடு அசையவே இல்லை! "பாருங்கள், உங்கள் யந்திரத்துக்கு இவர் செத்தவர்!" என்றேன். அதைக் கேட்டு, நான் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்த காசிநாதனின் மனைவி பட்டம்மாள் அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். காசிநாதன் கண்ணைத் திறந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? இங்கதான் கீறேன்."

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டம்மாள் கணவரின் கையைத் தூக்கிக் காட்டினார். "சுண்ணாம்புல காஞ்ச கை டாக்டரம்மா. காஞ்ச தோலை ஊறப் போடாம இன்னா வேலை நடக்கும்? கொஞ்சம் ஊற உடுங்க."

பட்டம் பெற்ற எங்கள் இருவருக்கும் அது தோன்றியதா? தோன்றவில்லையே! வெதுவெதுப்பான உப்புநீரில் கால்மணி நேரம் ஊறவிட்டோம். எழுந்தது கோடு! இருதயத்தின் மேலறை தன் போக்கில் துடிக்கிறது. கீழறை தன் போக்கில் துடிக்கிறது. நடுவே மின்சாரம் இறங்கும் வழி அடைபட்டிருக்கிறது. நான் அளந்த மருந்து அந்த அடைப்பை இன்னும் இறுக்கியிருக்கும். ஒரு மிடறு போதும், அவர் உயிர் என் கையாலேயே போயிருக்கும். மருந்தைக் கீழே கொட்டினேன். அட்ரினலின் ஊசி போட்டோம். நாடி ஏறியது. பிழைத்தார் காசிநாதன்!

ஆகவே கேட்கிறேன். மயங்கி விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, வலிப்புதான், தெளியட்டும் என்று இனியும் காத்திருப்பீர்களா? கொண்டுவாருங்கள்! விழுந்த கணமே கொண்டுவாருங்கள்! கூடவே, அவருடன் வாழ்கிறவரையும் அழைத்து வாருங்கள். கோட்டைப் படிக்க நாங்கள் கற்றிருக்கிறோம். விழுந்த மனிதரைப் படித்தவர், கூட வாழ்கிறவர். இனி அவரை வாசலில் நிறுத்தமாட்டேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோரும் நலமாய் இருங்கள். வணக்கம்.