எட்டாவது கட்டம் வரைந்த நவமணி அக்காவுக்கு

ஈப்போ நகரத்து ஏடுகளின் காவலரே! இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் நூலகத்தின் நெஞ்சாகவும் நூலக வண்டியின் அச்சாணியாகவும் நின்றவரே! தூசிக்குத் தும்மினாலும் துவளாதவரே! திரும்பி வராத ஒரே ஒரு நூலுக்காக லூமுட் படகுத்துறை வரை போய் மீட்டு வந்தவரே! உட்காரச் சொன்னால் எழுந்து நிற்கும் ஓயாக் கால்களுக்கு உரியவரே, வணக்கம்!

அக்காவின் பணி ஓய்வு விழாவுக்கு வந்திருக்கும் அவையோரே, அவருடன் பணியாற்றும் நாங்கள் இனி உங்களிடம் பேசுகிறோம். அக்காவை நேருக்கு நேர் புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து தேநீர் கலக்கப் போய்விடுவார். ஆகவே உங்களுக்குச் சொல்கிறோம். அவர் கேட்காததுபோல் கேட்டுக்கொள்ளட்டும்.

இளையோர் எடுத்துப்போகும் எந்த நூலையும் தாம் படிக்காமல் தட்டில் வைப்பதில்லை என்பது நவமணி அக்காவின் விதி. அந்த விதியே அவரை வம்பில் மாட்டிவிட்டது. பாழாய்ப்போன எதிர்கால உலகைப் பற்றிய நாவல்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் வரிசைகட்டி வந்தபோது, முப்பத்தெட்டையும் மூச்சுவிடாமல் படித்தார். படித்தவருக்கு எரிச்சல். எல்லாம் ஒரே கதை! ஒரு பெரிய தாளில் ஏழு கட்டம் போட்டார். சுவர் சூழ்ந்த நகரம். பதினாறு வயதில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பிரிக்கும் நாள். அடங்காத ஒரு பெண். அவளுக்கு ஒரு தம்பியோ தங்கையோ. அவளையே சுற்றிவரும் இரண்டு பையன்கள். அளவுக்கு மீறிச் சிரிக்கும் தலைவர். அவரை வீழ்த்த வந்து அவரைப் போலவே ஆகிவிடும் புரட்சிக்காரர். முப்பத்தெட்டு நூலுக்கும் ஏழு கட்டத்திலும் சரி, சரி, சரி என்று குறியிட்டுத் தள்ளினார்.

ஆண்டுக் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டினார். வயிறு குலுங்கச் சிரித்தோம். எங்கள் நூலகக் குழுத் தலைவர் திரு. அப்பாவு அதைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம், வேண்டாத நூல்களை நீக்குவதற்கான கழிவுப் படிவம் அவரிடமிருந்து வந்தது. வரப்போகும் புதிய நூலக வண்டி சிறியது, தட்டு போதாது, ஒரே கதைக்கு ஒரு நூல் போதும், மற்ற முப்பத்தேழையும் பழைய தாள் வியாபாரிக்குப் போடலாம் என்று அதில் இருந்தது. சான்றாக அக்காவின் கட்டத்தாளையே இணைத்திருந்தார்கள். நூலகப் பொறுப்பாளரான அக்காவின் கையொப்பம் மட்டும்தான் பாக்கி.

படிவம் வந்தபின் மூன்று நாளும் அக்கா மேசைக்கும் வண்டிக்கும் நடந்தார், வண்டிக்கும் மேசைக்கும் நடந்தார். நூல்களை இறக்கினார், மறுபடி ஏற்றினார். "உக்காருங்கலா அக்கா, எனக்கே தலை சுத்துது" என்று வண்டி ஓட்டும் ஹைகல் கெஞ்சினார். மூன்றாம் நாள் அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பீடோருக்கு அப்பால், பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி நின்றது. கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் குமுதா, வேலை உடுப்போடு வந்து ஒரு நூலைக் கொடுத்துவிட்டு அதே சாயலில் இன்னொன்றை எடுத்தார். இதுவும் அதே கதைதானே, அலுக்கவில்லையா என்று அக்கா கேட்டார்.

"தெரியும் அக்கா. கையில லிஸ்ட்ட வச்சிக்கிட்டு ஒருத்தன் வருவான். எங்க ஃபேக்டரியிலயும் மாசக் கடைசியில அப்படித்தான் ஒருத்தர் வாராரு. பேரு இருந்தா வேலை போச்சு. இந்தப் புள்ள என்ன செய்யுதுன்னு பாக்கத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தாம் பார்த்த ஏழு ஒற்றுமைக்கும் முன்னால் நிற்கவேண்டியதை விட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டதாக ஹைகலிடம் பின்னர் சொன்னாராம். நூலகம் வந்ததும் நின்றபடியே எட்டாவது கட்டம் வரைந்தார்: 'பட்டியலோடு வருபவர்.' முப்பத்தெட்டு நூலிலும் அந்த ஆள் இருந்தார்.

மறுநாள் கூட்டத்தில், எல்லாம் ஒன்று என்று எழுதியது நீங்கள்தானே என்று தலைவர் நியாயமாகவே கேட்டார். அக்கா நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"நான்தான் எழுதுனேன், தலைவரே. எல்லாக் கதையிலயும் பட்டியலோட ஒருத்தர் வாராரு. இங்க அந்த ஆளு நானா இருக்கேன். கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைவர் சினக்கவில்லை, ஆனால் இணங்கவும் இல்லை. அக்கா ஓய்வுபெறட்டும், அடுத்த பொறுப்பாளர் முடிவு செய்யட்டும் என்று ஒத்திவைத்தார். அடுத்த பொறுப்பாளர் எங்கள் கலாதேவி.

அக்கா, இனி உங்களிடமே பேசுகிறோம். இந்த வாரத்தில் நான்கு முறை கலாதேவியின் இழுப்பறையைத் திறந்து அந்தப் படிவத்தைப் பார்த்தீர்கள். கையெழுத்து விழுந்துவிட்டதா என்று தேடினீர்கள். ஒரு சொல் கேட்கவில்லை. உங்கள் பயம் எங்களுக்குத் தெரியும்.

படிவம் இப்போது அங்கே இல்லை. இன்று காலை கலாதேவி அதைக் கையொப்பமிடாமலேயே தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். உங்கள் கட்டத்தாளையும் கூடவே இணைத்தோம். முப்பத்தெட்டு நூலுக்கும் கீழே முப்பத்தொன்பதாவதாக 'நம் நூலகம்' என்று எழுதி, எட்டாவது கட்டத்தில் 'யாருமில்லை' என்று நிரப்பியிருக்கிறோம்.

நலமும் வளமும் நாளும் பெருக, நூறாண்டு கடந்தும் அந்தக் கால்கள் ஓயாதிருக்க வாழ்த்துகிறோம். பொறுப்பாளராகக் கலாதேவி இடும் முதல் கையொப்பம் இந்த மடலில்தான்.

கலாதேவி
ஹைகல்
ஷப்னம்
தர்மா