கால்வாய்ச் சாலையிலிருந்து ஓர் அழைப்பு

கிட்ட வந்து உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும், காற்று வரும். போன்களை மட்டும் கவிழ்த்து வைத்துவிடுங்கள்... ஏன் என்று அப்புறம் தெரியும்.

மாலை ஏழு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஊரை விட்டுப் பிரிந்து போகிற கால்வாய்ச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் இழுத்து மூடிய தொழிற்சாலையின் மதில். பேருக்குக்கூட ஒரு விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் மருந்துப் பெட்டிகள் ஏற்றிய சின்ன வேன் ஒன்று தனியாகப் போனது... போய்ச் சேரவில்லை.

ஓட்டியவர் என் சிநேகிதனின் அண்ணனுக்குச் சகலை. அண்ணியின் தங்கை புருஷன். இது அந்த அண்ணனுக்கு நடந்தது.

அந்த அண்ணனை எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையில் ஒரு திருப்புளி, அதுதான் ஸ்க்ரூ டிரைவர், செருகியிருக்கும். பகலில் பம்பு செட் கம்பெனியில் வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய போன்தான். தயாரித்த கம்பெனி கைகழுவிவிட்ட போன்களை வாங்குவார். உள்ளே இருப்பதை வழித்தெறிந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற திறந்த மென்பொருளை ஏற்றுவார். ஒரு குறிப்பிட்ட மாடல் போனுக்கு அதைப் பொருத்தித் தந்தவரே அவர்தான். எங்கெங்கோ தூர தேசத்தில் இருப்பவர்களெல்லாம் அதை இறக்கிக்கொண்டார்கள். காசு கிடையாது. பெருமை மட்டும் நிறைய.

"துட்டு குடுத்து வாங்கினது நாம. உள்ள என்ன ஓடுதுன்னு பாக்கக் கூடாதுன்னா, அது எப்படிய்யா நம்ம போன்?" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் கடை மாடியில் பேசுவார். அங்கே அவரைப் போல இன்னும் சில பைத்தியங்கள் கூடும். ஈயப் புகை, கருகிய பிளாஸ்டிக் வாசனை, சிரிப்பு.

சகலைக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அந்த மாடலில் ஒன்றை வாங்கி, இவர் கையாலேயே மென்பொருள் ஏற்றிக்கொண்டார். "இத்தனை நாளா சொந்த வீட்டுலயே வாடகைக்கு இருந்திருக்கேண்ணே. இப்பதான் சாவி கைக்கு வந்திருக்கு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் போனைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஒரே ஒரு கோளாறு. போன் பையில் நெடுநேரம் சும்மா கிடந்தால், அழைப்பை அனுப்புகிற சிப், அந்தச் சின்னச் சில்லு, தூங்கிவிடும். சில சமயம் எழுந்திருக்காது. திரையில் 'அழைக்கிறது' என்று காட்டிக்கொண்டே இருக்கும்... அழைப்பு எங்கேயும் போகாது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

சகலை இதைச் சொன்னார். ஒரு தடவை அல்ல.

"அண்ணே, சில நேரம் லைன் போக மாட்டேங்குதுண்ணே."

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுப்பா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

அடுத்த பதிப்பும் வந்தது. கேமரா கண்ணாடி மாதிரி எடுத்தது. போனைப் போட்டதும் திரையில் ஒரு குட்டித் திருப்புளி சுழன்று சுழன்று வந்தது. மாடியில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் குட்டித் திருப்புளியை வரைய அவருக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது. கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கால்வாய்ச் சாலை.

ஆஸ்பத்திரி வராந்தா. பினாயில் நெடி. கால்வாய்க் கரையில் கவிழ்ந்து கிடந்த வேனைப் பார்த்து வண்டியை நிறுத்திய லாரி டிரைவர் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். சகலையின் மனைவி, திருப்புளிக்குக் கொழுந்தியாள், இன்னும் வந்து சேரவில்லை.

"ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கும் சார். நான் போறப்ப உடம்புல சூடு இருந்துச்சு. ஒரு கை சிக்கிக்கிச்சு, இன்னொரு கையில போன். அழைக்கிறது, அழைக்கிறதுன்னே காட்டுது. வாங்கிக் காதுல வெச்சேன்... கிணத்துக்குள்ள காது குடுத்த மாதிரி. ஒரு சத்தம் இல்ல." டிரைவர் தயங்கினார். "அண்ணன்னு பேரு போட்டிருந்துச்சு. நீங்கதானா சார்?"

வராந்தாவின் கோடியில் கொழுந்தியாளின் அழுகை கேட்டது. திருப்புளி டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

நல்ல மனுஷன் என்று நினைத்திருக்க வேண்டும். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கொழுந்தியாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா... அவர் யாருக்காவது கூப்பிட்டுப் பாத்தாரா? உங்களுக்குத்தான் அந்த போனைப் பத்தித் தெரியும்."

"இல்லம்மா. அந்த நிமிஷமே போயிருக்கும். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அவள் அதைப் பிடித்துக்கொண்டு அன்று கொஞ்சம் தூங்கினாள். அவருக்குத்தான் தூக்கம் போனது.

"போனை நானே வெச்சுக்கறேன் மாமா. அவர் கை பட்டது" என்றாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்?

அதே போன், அதே கோளாறு, இப்போது அவள் கையில். திருப்புளி அன்றைக்கே உட்கார்ந்தார். எத்தனை மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை! எடுத்து வைத்த காபியில் ஆடை படிவதற்குள் முடிந்துவிட்டது. ஒரே ஒரு வரி. சில்லை எழுப்பிவிட்டு, அது கண் விழிக்கும்வரை காத்திரு என்று சொல்லும் வரி... அவ்வளவுதான்.

அவர் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று மனைவி வந்தாள்.

"ஒண்ணுமில்ல... கண்ணுல தூசி."

புதிய பதிப்பை வெளியிட்டார். கொழுந்தியாள் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல். முகம் தெரியாத ஆள், அதே போன் வைத்திருப்பவர். "அருமை. இப்போது எல்லா அழைப்பும் போகிறது. ஒரு சந்தேகம் மட்டும். நேற்று எண் இல்லாமல் ஓர் அழைப்பு வந்தது. சூடான எஞ்சின் ஆறும்போது கேட்குமே, டிக்... டிக்... அந்தச் சத்தம். ஒரு மனிதர் என் மொழியில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். யார் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கிற குரலில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்." அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதியிருந்தார்.

அண்ணே.

அடுத்த நாள் வேறொருவர். அதற்கடுத்த நாள் இன்னொருவர். புதிய பதிப்பை ஏற்றியவர்களுக்கு மட்டும்தான். இங்கே மாலை ஏழு மணி ஆகிற நேரத்தில்தான். வீட்டு எண் தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிற மாதிரி... தூர தேசம், பக்கத்து தேசம், பக்கத்து ஊர்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை மாடியில், மூச்சு விடாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். திருப்புளியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நேத்து எனக்கு வந்துச்சுண்ணே. தண்ணி சொட்டுற சத்தம். அப்புறம்... உங்க சகலை குரல் எனக்குத் தெரியாதா? 'அண்ணன் இல்லையா? பரவால்ல தம்பி'ன்னு வெச்சிட்டாருண்ணே."

திருப்புளி வீட்டுக்கு வந்ததும் தன் போனை அணைத்தார். மின்கலத்தைக் கழற்றினார். இரண்டையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் தள்ளினார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, "கண்ணு வலிக்குது" என்றார்.

மறுநாள் மாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். கதவு தட்டப்பட்டது.

கொழுந்தியாள். காலில் செருப்பில்லை. அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்த மூச்சு. காதில் போன்.

"மாமா... அவர்தான். என்கிட்ட ஒண்ணும் பேச மாட்டேங்கறார். அண்ணன்கிட்ட குடு, அண்ணன்கிட்ட குடுன்னே சொல்றார்."

அவள் நீட்டினாள். திருப்புளி வாங்கவில்லை. அவளே அவர் காதில் வைத்தாள்.

டிக்... டிக்... எங்கோ தண்ணீர் சொட்டியது. இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு. பிறகு அந்தக் குரல். கோபம் துளிகூட இல்லை. சந்தோஷமாகவே இருந்தது.

"இப்ப லைன் போகுதுண்ணே."

அவர் நிலைப்படியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அம்மா... நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவன் அப்பவே போகல. ரொம்ப நேரம் இருந்திருக்கான். எனக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். லைன் போகல. போகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அவனே சொன்னான். ஒரு வரி எழுத வேண்டிய வேலை... நான் எழுதல. லாரிக்காரர் வாயையும் நான்தான் அடைச்சேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அவள் மெதுவாகப் போனைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள். கேட்டாள். "ம்" என்றாள். மறுபடியும் "ம்... இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

போனை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், அவர் பக்கம் குனிந்தாள்.

"மாமா... ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சான்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?"